தூங்கினாரா என்று பார்த்துவிட்டு

பாப்பாரப்பட்டியில் ஒற்றை அறை வாடகைக்கு எடுத்திருக்கிறேன். அங்கிருந்து பஸ்ஸில் போகிற தூரத்தில் ஒரு கிராமத்தில் அங்கன்வாடி டீச்சர் வேலை. ஒருமுறை தருமபுரியில் பயிற்சி வைத்து, பிள்ளைகளுக்கு அன்பையும் பரிவையும் சொல்லிக்கொடுங்கள் என்று ஒரு பெரிய சார்ட்டைச் சுருட்டிக் கையில் கொடுத்தார்கள். சிரிக்கிற முகம், கோபப்படுகிற முகம், அழுகிற முகம். சுவரில் ஒட்டிவைத்து, "பாவம், இவன் அழுவுறான். நாம என்ன செய்யலாம்?" என்று கேட்டேன். ஒரு பையன் எழுந்து போய் அழுகிற முகத்தைக் கிழித்துவிட்டு வந்து உட்கார்ந்தான். அழுகை நின்றதா என்றால் நின்றதுதான். அவனை என்ன சொல்லித் திட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு எனக்குத் தெரிந்த வழியில் இறங்கினேன். மதியம் சாப்பாடு முடிந்ததும் பிள்ளைகளைத் தூங்கவைக்க வேண்டும். சமையல் பார்க்கிற ஆயாவும் நானும் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து தட்டிக் கொடுத்தாலும் கை போதாது. அதனால் பாய்க்கு இரண்டு பேராகப் படுக்கவைத்து, ஒருவரை ஒருவர் தட்டிக் கொடுக்கச் சொன்னேன். ஒரே ஒரு சட்டம்தான். பக்கத்தில் இருப்பவர் தூங்கினாரா என்று பார்த்துவிட்டுத்தான் கையை எடுக்க வேண்டும். அப்படிச் சொன்ன பிறகு பிள்ளைகள் குனிந்து குனிந்து பக்கத்து முகத்தைப் பார்ப்பதைப் பார்க்க வேண்டுமே. சார்ட்டில் இருந்த முகத்தை ஒருவரும் அப்படிப் பார்த்ததில்லை. "டீச்சர், இவன் தூங்கலை, நடிக்கறான்" என்று தினமும் நாலு புகாராவது வரும்.

அந்தச் சமயத்தில்தான் அவள் வந்து சேர்ந்தாள். ஐந்து வயது ஆகப்போகிற பெண் குழந்தை. அவளுடைய அம்மாவுக்குப் புளியில் கொட்டை எடுக்கிற வேலை. கல்லில் புளியை வைத்துச் சின்ன இரும்புக் கட்டையால் காலையிலிருந்து பொழுது சாயும்வரை அடித்துக்கொண்டே இருப்பார். பிறந்ததிலிருந்து அந்தக் கையைத்தான் குழந்தை பார்த்திருக்கிறாள். முதல் நாள் மதியம், சார்ட்டில் முகத்தைக் கிழித்த அந்தப் பையனின் ஜோடி வரவில்லை என்பதால் அவனோடு அவளைப் படுக்கவைத்தேன். அவன் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். அவன் போட்ட கூச்சலில் தூங்கிய பிள்ளைகளும் எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள். அவள் முகத்தில் கோபமே இல்லை. அடுத்த அடிக்குக் கை தயாராக இருந்தது.

"அவ அடிக்கறா டீச்சர்" என்று அதற்குப் பிறகு எல்லாரும் அவளோடு பாயில் படுக்க மாட்டேன் என்றார்கள். விளையாட்டிலும் சேர்க்கவில்லை. சாப்பிடும்போதுகூடத் தட்டைத் தூக்கிக்கொண்டு நகர்ந்து போனார்கள். அவளையும் சேர்த்தால் பிள்ளைகளின் எண்ணிக்கை ஒற்றைப்படையில் நின்றதால், அவளுக்கு ஜோடியாக நானே படுத்தேன்.

ஒரு நாள் சாயங்காலம் அழைத்துப்போக வந்த அவள் அம்மா, கையில் ஒட்டியிருந்த புளியைச் சேலையில் துடைத்துக்கொண்டே சொன்னார்: "ஜூன்ல ஒண்ணாவது சேக்கணும்ங்க டீச்சர். அங்கயும் இப்பிடித்தான் தனியா உக்காந்திருப்பான்னா எதுக்குங்க அனுப்பறது? வூட்டுலயே எம் பக்கத்துல உக்கார வெச்சுக்கறேன்."

பக்கத்தில் உட்காரவைத்தால் பிறகு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அவள் கையிலும் ஒரு இரும்புக் கட்டை வந்துவிடும். ஜூனுக்குள் அந்தக் கை மெத்தென்று ஆகியே தீர வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன்.

மறுநாள் என் கையை நீட்டினேன். அடித்தாள். உண்மையிலேயே வலித்தது.

"வலிக்குது சாமி" என்றேன்.

நிறுத்திவிட்டு என் முகத்தையே பார்த்தாள். பிறகு கொஞ்சம் மெதுவாக வைத்தாள்.

"இப்ப வலிக்குதா?"

"கொஞ்சம்."

"இப்ப?"

"இல்ல."

தினமும் இதுதான் எங்கள் பாடம். மாசிக்குள் அங்கிருந்த பிள்ளைகளிலேயே மெத்தென்ற கை அவளுடையதாகிவிட்டது. அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

என்னைப் பற்றியும் சொல்ல வேண்டும். எனக்குக் கல்யாணம் கூடிவரவில்லை. அம்மாவைப் பார்த்துக்கொண்டு இருந்தேன், அம்மாவும் போய்விட்டார். ஓசூரில் இருக்கிற தம்பி ஞாயிற்றுக்கிழமை போன் செய்து "சாப்ட்டியாக்கா" என்பான். சாப்பிட்டேன் என்றதும் வைத்துவிடுவான். காய்ச்சல் வந்தால் என் நெற்றியில் நானேதான் கை வைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். காய்கிற உடம்பில் கையும் சேர்ந்தே காய்வதால் சூடு தெரிவதில்லை. ஒரு தெர்மாமீட்டர் வாங்கி வைத்திருக்கிறேன்.

இப்படி இருந்தவளுக்குத் தினமும் மதியம் ஒரு சின்னக் கை மேலே விழுந்தால் எப்படி இருக்கும்? காலையில் பஸ் ஏறும்போதே மதியத்தை நினைக்க ஆரம்பித்தேன். பாடம் எடுக்கிறவள் நான், பலன் முழுக்க எனக்குத்தான்.

பங்குனியில் அந்தப் பையனின் ஜோடிப் பிள்ளை, பெங்களூரில் கட்டட வேலைக்குப் போன அப்பா அம்மாவோடு ஊரைவிட்டுப் போய்விட்டான். பையனுக்கு இப்போது ஜோடி இல்லை. அவளோடு படுக்கிறாயா என்று கேட்டேன்.

"வேணாம். அவ அடிப்பா."

கட்டாயப்படுத்தினால் அன்பு வருமா, நாலு நாள் போகட்டும் என்று விட்டுவிட்டேன். உள்ளுக்குள் ஒரு நிம்மதி. பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த ஆயா, "அவனுக்கு மட்டுமா மனசில்ல? டீச்சருக்குந்தான்" என்று சிரித்தார். எனக்குச் சுருக்கென்றது.

மறுநாள் மதியம் அவன் தனிப் பாயில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். சத்தமில்லை. முதுகு மட்டும் குலுங்கியது. என் கையைத் தட்டிக் கொடுத்துக்கொண்டிருந்த கை நின்றது. கண்ணைத் திறந்தேன். அவள் அவன் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு குனிந்து என் முகத்தைப் பார்த்தாள்.

"டீச்சர், தூங்கிட்டீங்களா?"

இல்லை என்று சொன்னால் அவள் போக மாட்டாள். சட்டம் போட்டவளே நான்தான். இன்னும் இரண்டு தட்டு தட்டட்டுமே என்று எனக்கு ஆசையாக இருந்தது, அவ்வளவு ஆசையாக இருந்தது. பதில் சொல்லாமல் கண்ணை மூடிக்கொண்டேன். மூச்சையும் இழுத்து இழுத்து விட்டேன். அவள் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு பாய் சரசரத்தது.

"வலிக்குதா?" என்று சுவர்ப் பக்கமிருந்து அவள் குரல் கேட்டது.

"இல்ல" என்றான் பையன்.

ஜூனில் இருவரும் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தார்கள். பக்கத்தில் பக்கத்தில்தான் உட்காருகிறார்களாம். ஆயா சொன்னார். எனக்குச் சந்தோஷம்தான், அதில் பொய்யில்லை. ஆனால் அவள் என் பாயிலிருந்து எழுந்து போன அன்று மதியம், அவள் கை இருந்த இடத்தில் என் இன்னொரு கையையாவது வைத்துக்கொள்ளலாம் போல இருந்தது. அசைந்தால் நடிக்கிறேன் என்று தெரிந்து திரும்பி வந்துவிடுவாள். பிள்ளைகள் எல்லாரும் தூங்கி எழும்வரை அசையாமல் படுத்திருந்தேன்.