சித்தப்பாவுக்குக் கரைந்த கல்

என் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியின் கதவோரத்தில் சிவப்பு மூடி போட்ட ஒரு போத்தல் நிற்கிறது. உள்ளே வாழைத்தண்டுச் சாறு. கெட்டுப்போய் எத்தனையோ நாளாகிவிட்டது. அடியில் சாம்பல் நிறத்தில் வண்டல் படிந்திருக்கிறது. கொட்டிவிடலாம் என்று எடுப்பேன், திரும்பவும் வைத்துவிடுவேன். செடெனாக்கிலிருந்து சித்தப்பா கொடுத்தனுப்பிய கடைசிப் போத்தல் அது.

செம்பனைத் தோட்டத்து லாரி ஓட்டிய மனிதர். காய்ச்சலடித்தாலும் "அதெல்லாம் ஒண்ணுமில்லலா" என்று வண்டியை எடுத்துவிடுவார். அப்படி அலட்சியமாக இருந்துதான் நுரையீரலில் கிருமி பிடித்து இரண்டு வாரம் மருத்துவமனையில் கிடந்தார். தினமும் செஃப்ட்ரையாக்சோன் என்ற ஆண்டிபயாடிக் ஊசி ஏறியது. காய்ச்சல் இறங்கியது, ஆனால் வலது விலாவுக்குக் கீழே வலி பிடித்தது. ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் பித்தப்பையில் கற்கள். டாக்டர் ஊசியை நிறுத்திவிட்டு, சில வாரம் கழித்து மறுபடி பார்ப்போம் என்று அனுப்பிவைத்தார். வீட்டுக்கு வந்த அன்றைக்கே சித்தி கொல்லையில் ஒரு வாழையைச் சாய்த்தாள். விடிந்ததும் தண்டைச் சீவி, நாரெடுத்து, அரைத்து வடிகட்டி ஒரு டம்ளர். சித்தப்பா முகத்தைச் சுளித்துக்கொண்டு குடிப்பார்.

மறு ஸ்கேனுக்கு இருவரையும் நான்தான் காரில் கூட்டிப்போனேன். ஒரு கல்கூட இல்லை. சித்தப்பா சட்டையை மாட்டிக்கொண்டு சித்தியோடு வெளியே போன பிறகு டாக்டர் என்னிடம் விளக்கினார். அது நிஜக் கல்லே இல்லையாம். அந்த ஊசி மருந்து சிலருக்குப் பித்தப்பையில் போய்ப் படியுமாம். ஸ்கேனில் கல் மாதிரியே தெரியுமாம். மருந்தை நிறுத்தினால் பெரும்பாலும் தானாகவே போய்விடுமாம். தலையாட்டிவிட்டு வெளியே வந்தால், சித்தப்பா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்கிறார். "அலமாக், பாத்தியா பாப்பா! கல்லாவது மண்ணாவது! உன் சித்தி கைச்சாறுலா அது!" சித்தி வெட்கப்பட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை எப்படிக் கெடுப்பது? வாயை மூடிக்கொண்டேன். பெரிய பெருந்தன்மை என்று நினைப்பு எனக்கு.

அடுத்த ஆண்டு சித்திக்கு வலி வந்தது. அவளுக்கு நிஜக் கல். பித்தப்பையை எடுத்துவிடச் சொல்லி நாளும் குறித்துக் கொடுத்தார்கள். சித்தப்பா விடவில்லை. "எனக்குக் கரைஞ்சிச்சி, அவளுக்குக் கரையாதா? எதுக்குக் கத்தி?" இப்போது அவர் வெட்டினார், அவர் அரைத்தார், அவளுக்கு ஊட்டாத குறை. நான் சிங்கப்பூர் வேலைக்குப் எல்லைப் பாலம் தாண்டிப் போய்வரும் அலுப்பில் இருந்தேன். தொலைபேசியில் "டாக்டர் சொல்றதையும் கேளுங்க சித்தப்பா" என்றதோடு சரி. ஊசி விஷயத்தைச் சொல்ல ஒரு நிமிடம் போதும். நேரில் போய், மனம் நோகாமல் சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டேன். நான் போய்ச் சேர்ந்தபோது சித்தியின் கண்கள் மஞ்சளாகியிருந்தன. உடம்பு நடுங்கித் தூக்கிப்போட்டது. கல் பித்தக்குழாயை அடைத்து, கிருமி இரத்தத்தில் ஏறிவிட்டது. நான்காம் நாள் போய்விட்டாள்.

சித்தப்பா சாற்றைச் சந்தேகப்படவே இல்லை. "லேட்டா ஆரம்பிச்சிட்டேன் பாப்பா" என்று தன்னைத்தான் திட்டிக்கொண்டார். சித்தியின் பேரைச் சொல்லி, கேட்டவர்களுக்கெல்லாம் சாறு கொடுத்தார். எனக்கும் வந்தது. ஒருநாள் போனில், பொந்தியானிலிருந்து ஒரு பெண் வந்து வாங்கிப் போனதாகவும், அவளும் ஆபரேஷனை வேண்டாமென்று விட்டுவிட்டதாகவும் பெருமையாகச் சொன்னார். அன்றே செடெனாக் போய், டாக்டர் அன்று சொன்னதையெல்லாம் சொல்லிவிட்டேன்.

"அப்ப அது கல்லே இல்லயா?"

"இல்ல சித்தப்பா."

"உனக்கு எப்பலேர்ந்து தெரியும்?"

"அன்னைக்கே, ஆஸ்பத்திரியில."

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். போனை எடுத்து அந்தப் பெண்ணைக் கூப்பிட்டார். "நீங்க ஆபரேஷன் பண்ணிக்குங்கம்மா. நான் சொன்னது தப்பு." போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "உன் சித்தி ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போடுறேன்னுதான் சொன்னா. நான்தான் வேணாம்னேன். நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தா விட்டிருப்பேன்லா."

அதற்குப் பிறகு போத்தல் வருவதில்லை. போன் செய்தால் எடுப்பதுமில்லை. கொல்லையில் வாழைகள் வெட்டாமல் குலை தள்ளி நிற்பதாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள். இன்று காலையும் இந்தப் போத்தலை எடுத்தேன். அசைத்ததும் வண்டல் கலைந்து மேலே வந்தது. திரும்ப அதே இடத்தில் வைத்துவிட்டு வேலைக்குக் கிளம்பினேன்.