வேகன் திரும்பாத வளைவு

சர்வே வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பிளானில் கையெழுத்துப் போடும் நாள் உங்களுக்கும் வரும்.

1. பிளான்

"இன்னைக்கே சைன் போட்டுக் குடுத்திரும்மா. பார்ட்டி வந்து உக்காந்திருக்கு," என்றார் முருகேசன் சார். திருவனந்தபுரம் தம்பானூரில் எங்கள் சர்வே ஆபீஸின் முதலாளி, நாகர்கோவில்காரர்.

கரமனை ஆற்றங்கரையில் மூடிக்கிடக்கும் மாவு மில்லின் பிளான் அது. நாகர்கோவில் ரயில்பாதையிலிருந்து மில்லுக்குள் ஒரு சைடிங், அதாவது கிளைத் தண்டவாளம், போயிற்று. கோதுமை வேகன்கள் அதில் வந்தன. மூட்டை இறக்கத் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் தண்டவாளத்தை ஒட்டி வீடு கட்டி, பட்டாவும் வாங்கினார்கள். மில் மூடியதும் தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டார்கள். மில்லும் சைடிங் நிலமும் இப்போது ஒரு அபார்ட்மென்ட் கம்பெனியிடம்.

பிளானில் சைடிங் ஒரு சிவப்புக் கோடு. அது அந்த வீடுகளின் மேல் போயிற்று. நான் கையெழுத்திட்டால் அவை ஆக்கிரமிப்பு, இடிக்கலாம்.

2. தப்பு

சைடிங்கின் இரண்டு முனைகள் இன்னும் தெரிகின்றன: மெயின் லைனில் பிரிந்த இடம், மில் குடோன் வாசலில் கான்கிரீட்டுக்குள் பதிந்த தண்டவாளம். எங்கள் டிராஃப்ட்ஸ்மேன் இரண்டிலிருந்தும் நேர்கோடு இழுத்து, சந்தித்த மூலையைக் கம்ப்யூட்டர் வரைபட மென்பொருளில் ஒரு கமாண்ட் கொடுத்து வளைத்திருந்தார். கம்ப்யூட்டர், அதற்கு முன் சாலை முனைக்குக் கொடுத்த ஆரத்தையே எடுத்துக்கொண்டது: இருபது மீட்டர். அதில் லாரி திரும்பும். அகலப்பாதை வேகனுக்கு நூற்று எழுபத்தைந்து மீட்டராவது வேண்டும். அப்படி வளைத்தால் கோடு மூலையைத் தொடாது. வெகுமுன்னாலேயே திரும்பி, மில் காம்பவுண்டுக்குள் போய்விடும்.

"சார், இந்த வளைவுல வேகன் கவிழ்ந்திரும்."

பார்ட்டியாக வந்திருந்த கம்பெனி மேனேஜர், மலையாளி, சிரித்தார். "மேடம், தண்டவாளமே இல்லல்லோ. இனி டிரெயின் ஓட்டப் போறீங்களோ?"

"ஓட்டல சார். ஓடினது எங்கேன்னு பாக்கணும். குழி தோண்டாம சைன் போட மாட்டேன்."

"உனக்கு எதுக்கும்மா இந்த வம்பு?" என்றார் முருகேசன் சார். ஆனால் கையெழுத்தில்லாத பிளானை என்னிடமிருந்து திரும்ப வாங்கி வைத்துக்கொண்டார்.

3. குழி

மூலை வீட்டில் செல்வி அக்கா இருக்கிறார். கிழக்கேகோட்டைப் பகுதி ஹோட்டல் ஒன்றில் இட்லிக்கு மாவரைக்கிறவர். என்னைக் கண்டதும் வாசலை மறித்து நின்றார்.

"அளக்க வாறவன்லாம் எங்க அடுக்களைலதான் கம்பிய நாட்டுதான், கேட்டியா. டிரெயின் இது வழியாவா போச்சு? இட்லி வாங்க நின்னுச்சோ?"

"அதத்தான் தோண்டிப் பாக்கணும்க்கா. உங்க முற்றத்துல ஒண்ணு, மில்லுக்குள்ள ஒண்ணு."

"என் முற்றத்துல கிடைச்சா?"

"கிடைச்சா அதையும் எழுதுவேன்."

என்னைக் கொஞ்சம் பார்த்துவிட்டு அவரே மண்வெட்டியை எடுத்து வந்தார்.

முற்றத்தில் ஆற்று வண்டல் மட்டும். மில்லுக்குள் தோண்டிய முதல் குழியிலும் அதேதான். மேனேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "போதுமோ மேடம்?"

போதாது. நூற்று எழுபத்தைந்து என்பது குறைந்தபட்சம். போட்டவர்கள் இன்னும் தாராளமாக வளைத்திருக்கலாம். குழியை உள்பக்கமாக நீட்டும்படி கூட வந்த ஆட்களிடம் சொன்னேன். கம்பெனியின் சேல்ஸ் ஆபீஸை நெருங்கும்போது மண்வெட்டி கல்லில் இடித்தது. எண்ணெய் படிந்த கருங்கல் ஜல்லி. அதில் பதிந்து, தண்டவாளத்தைத் தாங்கிய ஒரு சிலிப்பர் கட்டை.

செல்வி அக்கா குழிக்குள் குனிந்து பார்த்தார். "பாத்தீரா சாரே, டிரெயின் உம்ம ஆபீஸ் பக்கமாத்தான் போயிருக்கு. டிக்கெட் எடுத்துக்கிடும்."

4. கையெழுத்து

ஜல்லி கிடைத்த இடத்தை டோட்டல் ஸ்டேஷன் கருவியால் அளந்து புதுக் கோடு வரைந்தேன். வீடுகள் அதற்கு வெளியே நிற்கின்றன. அந்தப் பிளானில் கையெழுத்திட்டு, வீட்டுக்காரர்கள் வில்லேஜ் ஆபீஸில் கொடுக்க ஒரு நகல் கேட்டேன். முருகேசன் சார் சீல் வைத்துக் கொடுத்தார்.

கற்றது இதுதான்: கோடு வரையும் முன் அதில் என்ன ஓடியது என்று கேளுங்கள்.

கம்பெனி எங்களை விட்டு வேறு சர்வே ஆபீஸைத் தேடுகிறதாம். தேடட்டும். அவர்கள் வரைகிற கோட்டிலும் வேகன் திரும்பியாக வேண்டும்.