ரத்து செய்வதற்கு முன்

"அண்ணே, இப்ப உங்களுக்கு ஒண்ணுமே தெரியாது, சரியா? மெர்லிமாவ் ஊரு தெரியாது, டயாலிசிஸ் தெரியாது, என்னையும் தெரியாது."

"இது என்ன புதுசா? என் பொண்டாட்டி டெய்லி சொல்றதுதானே," என்று வேன் சாவியைச் சுழற்றுகிறார் டிரைவர் காந்தன். அக்னஸ் சிரிப்பதில்லை. தான் ஆங்கிலத்தில் எழுதிய நான்கு வரிகளைத் திரையைப் பார்த்துத் தமிழில் சொல்கிறார். காந்தன் எங்கே 'ஏன்', 'யாரு' என்று கேட்கிறாரோ, அங்கே நிறுத்திப் பதிலை எழுதிச் சேர்க்கிறார்.

எங்கள் ஊர் பாச்சாங்கில், என் அச்சுக்கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது அந்த அலுவலகம். சிறுநீரக நோயாளிகளை டயாலிசிஸ் நிலையத்துக்கு வேனில் கொண்டுபோய் விடும் சின்ன நிறுவனம். போன வருஷத்திலிருந்து அங்கே போனை எடுத்துப் பேசுவது ஏஐ. வேன் பதிவு செய்ய ஒரு மென்பொருள் கருவி, நேரம் மாற்ற ஒன்று, ரத்து செய்ய ஒன்று என அதன் கையில் பதினோரு கருவிகள். எது எதற்கு, என்ன கொடுத்தால் என்ன செய்யும் என்று அது படித்துத் தெரிந்துகொள்ளக் குறிப்பு எழுதுவது அக்னஸின் வேலை.

வயது நாற்பத்தாறு. முன்பு பதினெட்டு வருஷம் தொழிற்சாலை இயந்திரங்களுக்குக் கையேடு எழுதியவர். "அங்க மனுஷங்க படிப்பாங்க. புரியலன்னா தேடி வந்து திட்டுவாங்க. இது திட்டாதுலா. தனக்குப் புரிஞ்ச மாதிரி செஞ்சிட்டுப் போயிரும்."

ஒரு நாள், 'சிறிது நேரத்தில் வருவேன்' என்று நான் கடைக்கதவில் ஒட்டியிருந்த தாளைப் பார்த்தவர், நான் திரும்பியதும் பேனாவோடு இறங்கி வந்தார். "எத்தனை மணிக்கு, அண்ணே?" அன்றிலிருந்து நான் மணி போட்டுத்தான் ஒட்டுகிறேன். பழகுகிறவர்களுக்கு இந்தப் பெண் ஒரு தொல்லைதான்.

மார்ச் மாதம் வரை இவ்வளவு தொல்லை இல்லை.

மெர்லிமாவில் பரமேஸ்வரன் என்று ஒரு நோயாளி. அவர் மகள் ராகினி போன் செய்து, அப்பா ஆஸ்பத்திரியில் இருக்கிறார், நாளைக்கு வேன் வேண்டாம் என்றார். அதே ஊரில் தங்கையா என்று இன்னொரு நோயாளி. அவருடைய அடையாள அட்டையில் 'தங்கையா, அனாக் லெலாக்கி பரமேஸ்வரன்' என்றிருக்கும், மலாயில் பரமேஸ்வரனின் மகன் என்று. அது எப்போதோ இறந்துபோன அவர் அப்பாவின் பெயர். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, பின்னால் வருவது அப்பா பெயர் என்பது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தெரியும் என்பதாலேயே அக்னஸ் அதை எழுதவில்லை. கடைசியில் இருப்பதைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொண்ட ஏஐ, ராகினி சொன்ன பரமேஸ்வரன் இவர்தான் என்று தங்கையாவின் வேனை ரத்து செய்துவிட்டது.

தங்கையா வீட்டு வாசல் கேட் அருகே பையை மடியில் வைத்துக்கொண்டு இரண்டரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார். அன்று டயாலிசிஸ் நடக்கவில்லை. மறுநாள் மூச்சுத்திணறலோடு அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோனார்கள். பிழைத்துக்கொண்டார்.

வார்டுக்குப் போன அக்னஸ், "ஏன் அங்கிள் ஒரு போன் பண்ணல?" என்று கேட்டிருக்கிறார்.

"பண்ணேன்மா. அது ரொம்ப மரியாதையா பேசுச்சு. உங்க வேன் கேன்சல்னு சொல்லுச்சு. நான்தான் ஏதோ தப்பு பண்ணிட்டேன் போலன்னு வச்சிட்டேன்."

இதைத்தான் அக்னஸால் தாங்க முடியவில்லை. அந்த ஞாயிறு சர்ச் பூசைக்கும் போகவில்லை.

"ஏஐ பண்ண தப்புக்கு நீ ஏன் அழற?" என்றாராம் முதலாளி ஜெயராஜ்.

"எழுதாம விட்டது நான்தானே, பாஸ்."

ரத்துக் கருவியை ஏஐயின் கையிலிருந்து பிடுங்கி, ஆறு வாரம் எல்லா ரத்துகளையும் தானே செய்தார். இடையில் குறிப்பைத் திரும்பத் திரும்ப எழுதி, ஒன்றும் தெரியாதவராகக் காந்தனை உட்காரவைத்துச் சொல்லிப் பார்த்தார். இப்போது அது செய்யக்கூடாததில் தொடங்குகிறது. பெயரை மட்டும் வைத்து ரத்து செய்யாதே. தமிழர் பெயருக்குப் பின் வருவது அப்பாவின் பெயர். அடையாள அட்டை எண்ணைக் கேள். சந்தேகமா, நிறுத்து, அக்னஸிடம் கொடு. "சீனவங்களுக்கு முன்னால வர்றதுலா குடும்பப் பேரு?" என்று காந்தன் கேட்டதில் இன்னொரு வரி கூடியது. நீளம் அதிகம் என்று ஜெயராஜ் முணுமுணுத்தார். அக்னஸ் மற்ற பத்துக் குறிப்புகளையும் சுருக்கிக் கொடுத்தார். இதில் ஒரு சொல்லையும் தொடவிடவில்லை.

நேற்று கருவியைத் திரும்பத் திறந்துவிட்டார்கள். மத்தியானமே ராகினியின் போன்: அப்பாவுக்கு நாளைக்குக் கண் டாக்டர், வேன் வேண்டாம். ஏஐ அடையாள அட்டை எண்ணைக் கேட்டு வாங்கி, சரியான பரமேஸ்வரனின் வேனை ரத்து செய்தது. ஜெயராஜ் கை தட்டினார். அக்னஸ் அந்தப் பதிவை நான்கு முறை படித்தார்.

இன்று காலை ஏழரைக்கு எங்கள் கடைப்படியில் நின்று தங்கையாவுக்குப் போன் போட்டார்.

"அங்கிள், வேன் வந்திருச்சா?"

"இதோ, முனையில திரும்புதும்மா. காந்தன்தான். வச்சிரவா?"

"வைக்காதீங்க அங்கிள். அப்படியே பாக்கெட்டுல போட்டுக்கிட்டு ஏறுங்க."

சாலையில் லாரிகள் இரைந்துகொண்டு போயின. அக்னஸ் போனை ஒரு காதில் அழுத்திக்கொண்டு, மறு காதை விரலால் அடைத்துக்கொண்டு நின்றார். போனில் வேன் கதவை இழுத்துச் சாத்தும் சத்தம் கேட்ட பிறகுதான் விரலை எடுத்தார்.