தட்டில் பதிந்த பெருவிரல்

எங்கள் கிணற்று நீரில் இசைத்தட்டுகளைக் கழுவ முடியாது. துறைமுகத்தை அண்டிய எங்கள் குறுகிய ஒழுங்கையின் கிணறுகள் எல்லாமே சற்று உவர். காய்ந்த பின் தட்டின் வரிகளுக்குள் உப்பு வெள்ளையாகப் படிந்துவிடும். ஆகவே முதல் மழை கூரையைக் கழுவிப் போன பிறகு விழும் தண்ணீரைப் பானையில் பிடித்து, துணியால் வடித்து, அந்தக் கழுவலுக்கென்றே நான் ஒதுக்கி வைப்பேன்.

தட்டுகள் அத்தானுடையவை. அக்காவின் கணவரான அவர் துறைமுகத்தில் பாரந்தூக்கி இயக்கியவர். கப்பற்காரர்களிடம் வாங்கியவை ஓர் அலுமாரி நிறைய இருந்தன. எவரும் தட்டின் முகத்தைத் தொடக்கூடாது. இரு உள்ளங்கைகளுக்கு நடுவே, விளிம்பில் மட்டுமே பிடிக்கலாம்.

“மச்சாள், விரல் பட்டால் பிறகு பாட்டுக்காரனோடை நீங்களும் சேர்ந்தெல்லே பாடுவியள்,” என்பார்.

“நான் பாடினால் உங்கடை தட்டுக்கு மதிப்புக் கூடும், அத்தான்.”

“ஓம், ஊரே எழும்பி ஓடும்.”

இராணுவச் சுற்றிவளைப்பு நடந்த காலையில், ஆண்களை மைதானத்துக்கு வரச்சொல்லி ஒலிபெருக்கி அறிவித்தபோது, வீட்டில் ஒரு வயலின் தட்டு சுழன்றுகொண்டிருந்தது. அத்தான் ஊசியைத் தூக்கினார். தட்டை உறையிலிட்டார். சாரத்தைக் களைந்து காற்சட்டை அணிந்து, எங்களைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார். திரும்பி வரவில்லை.

சில வாரங்களின் பின் அந்த உறையைத் திறந்தேன்.

“அக்கா, இதிலை கொஞ்சம் ஊத்தை கிடக்கு.”

அக்கா அதை வாங்கி யன்னல் வெளிச்சத்தில் சரித்துப் பார்த்தாள். “ஊத்தையெண்டு சொல்லாதை. இது அவரின்ரை விரல்.”

ஒரு பெருவிரல் ரேகை தெளிவாகப் பதிந்திருந்தது. அவர் தட்டின் முகத்தைத் தொட்டு நான் கண்டதே இல்லை. சிரித்துக்கொண்டு போன மனிதர் அன்று எவ்வளவு பயந்திருந்தார் என்பதை அந்த விரலைப் பார்த்துத்தான் அறிந்தேன்.

மற்றத் தட்டுகளை நான் வழமைபோலக் கழுவினேன். நடுவிலுள்ள காகிதம் நனையாமல், பழைய சேலைத் துணியால், வரிகளின் போக்கிலேயே துடைத்து, குசினியில் கோப்பைகள் அடுக்கும் சட்டத்தில் நிறுத்தி உலர விடுவேன். உறைகளை நிழலில் விரிப்பேன். அக்கா அத்தானை விசாரித்துக் கிழமைதோறும் இராணுவ முகாம் வாசலுக்குப் போய் வந்தாள்.

அடுத்த மாரியில் வயலின் தட்டில் பூஞ்சணம் பிடித்தது. சரியாக அந்த ரேகையிலிருந்தே அது தொடங்கியிருந்தது.

“விரலிலை இருக்கிற எண்ணெய்ப் பசையிலைதான் இது வளரும். விட்டால் தட்டையும் பழுதாக்கிப்போடும், அக்கா.”

“விரலைத் துடைச்சுப்போட்டுத் தட்டை வைச்சு நான் என்ன செய்ய?”

மற்றவற்றுக்குத் தொற்றாதபடி அதை மட்டும் அலுமாரியின் வேறு அடுக்கில் தனியாக வைத்தேன். வெண்மை நாளுக்கு நாள் பரவியது. துடைத்தால் விரல் போகும், துடைக்காவிட்டாலும் போகும்.

ஒருநாள் அக்கா முகாமிலிருந்து வழமையைவிட நேரத்தோடு வந்தாள். செருப்பைக் கழற்றாமலே அலுமாரியைத் திறந்து, அந்த உறையை என் மடியில் வைத்தாள்.

“அப்பிடி ஒரு ஆளை அவங்கள் கொண்டுபோகவே இல்லையாம். இனி வரவேண்டாமாம்.” உறையைக் காட்டி, “துடை,” என்றாள்.

“அக்கா, இது அத்தான்ரை…”

“ஊத்தைதான். துடை.”

மழைநீரில் துணியை நனைத்துத் துடைத்தேன். பூஞ்சணம் இலகுவாக வந்தது; ரேகையும் அதோடு போயிற்று. விரல் இருந்த இடத்தில் மினுக்கம் செத்து ஒரு மங்கல் மட்டும் எஞ்சியது.

பின்னேரம் மின்சாரம் வந்ததும் தட்டைப் போட்டோம். வயலின் சீராகவே ஒலித்தது. ஊசி அந்த மங்கலுக்கு வந்ததும், ஒவ்வொரு சுற்றிலும் எண்ணெயில் கடுகு பொரிவதுபோல் ஒரு சத்தம். அக்கா நின்றபடியே இறுதிவரை கேட்டாள். பிறகு, விளிம்பைத் தேடாமல், முழு உள்ளங்கையையும் தட்டின் முகத்தில் பதித்து, ரொட்டியைத் தூக்குவதுபோல் தூக்கி உறைக்குள் போட்டாள்.

முகாம் வாசலுக்கு அவள் பிறகு போகவில்லை. தட்டுப் போடச் சொல்லி என்னைக் கேட்கவுமில்லை. கூரையடியில் மழைநீர்ப் பானை நிரம்பி வழிந்துகொண்டிருந்தது.