எட்டாம் நம்பர் பிளக்

என் வீட்டுக்காரர் பூமாலைக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. சிறுவாச்சூரில் பிறந்து காளி கோயில் உடுக்கைச் சத்தம் கேட்டு வளர்ந்த ஆள்தான். ஆனாலும் எங்கள் தெருவில் ஒரு பெண்ணுக்குச் சாமி வந்தபோது, "பெட்ரோல்ல தண்ணி கலந்துருச்சு போல" என்று சொல்லி, அவள் அம்மாவிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். அப்படிப்பட்ட மனிதரைப் பற்றித்தான் எழுதுகிறேன். நான் சிந்தாமணி. துறைமங்கலத்தில் அவருடைய ஒர்க்ஷாப்புக்கு முன்னால் இருக்கும் ஸ்பேர் பார்ட்ஸ் கடை என்னுடையது. கல்லாவும் என்னுடையதுதான், அதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம்.

அவர் ஷார்ஜாவில் ஸ்போர்ட்ஸ் கார்களை மட்டுமே பழுது பார்த்துக்கொண்டிருந்தவர். ஊர் திரும்பிக் கடை போட்டபோது, "பெரம்பலூர்ல எவன் அந்தக் காரு வச்சிருக்கான்? டிராக்டர் பாருங்க" என்று கத்தினேன். நான் சொன்னதுதான் நடந்தது. டாக்சியும் பழைய வேனும்தான் வந்தன. எது வந்தாலும் முதலில் எஞ்சினில் தீப்பொறி போடும் பிளக்கைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார், வைத்தியர் நாக்கை நீட்டச் சொல்வது மாதிரி. முனை ரஸ்க் நிறத்தில் இருந்தால் எஞ்சின் சௌக்கியம். வெளுத்திருந்தால் உள்ளே சூடு மிஞ்சிப் போயிருக்கிறது என்று அர்த்தம்.

பிளக் வாங்குவதில் ஒரு வில்லங்கம் உண்டு. நான் விற்கும் வகையில் நம்பர் ஏற ஏறக் குளிர்ச்சி. ஆறாம் நம்பர் சூட்டை முனையிலேயே தேக்கி வைத்துக்கொள்ளும். எட்டாம் நம்பர் அதைச் சட்டென்று வெளியே தள்ளிவிடும். வேகத்துக்காகச் செய்த எஞ்சினுக்கு எட்டுதான் சரி. ஆனால் எட்டு என்றால் நம் ஜனங்களுக்குச் சனி. வண்டி நம்பரின் கூட்டுத்தொகை எட்டு வந்தால் புது வண்டியையே வேண்டாம் என்பார்கள். ஆறு சுக்கிரன், வாகன யோகம். கல்லாவில் உட்கார்ந்து இந்தக் கூத்தை எத்தனை முறை பார்த்திருப்பேன்!

ரெட்டிபாளையம் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டிய கிருஷ்ணமூர்த்தியும் அந்த ரகம்தான். அவருடைய லாரி நம்பர் எல்லாவற்றையும் கூட்டினால் ஆறு வரும். அவர் கோயம்புத்தூரில் ஒரு பழைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினார். வெளிநாட்டு வண்டி, இரண்டே சீட்டு, இரட்டை கார்பரேட்டர். அதைப் பார்த்த அன்று என் வீட்டுக்காரர் சாப்பிடவே வரவில்லை. ஆனால் பிளக் மாற்றும் பேச்சு வந்ததும் இருவருக்கும் முட்டிக்கொண்டது.

"எட்டா? சனியன தலையில தூக்கி வச்சுக்கிட்டு நான் ரோட்ல போவணுமா?"

"சார், ஆறு போட்டா முனை பழுத்துப் போயிடும். சாவிய எடுத்தாலும் எஞ்சின் அடங்காது. அந்தச் சூட்டுலயே தானா ஓடும்."

"ஓடட்டுமே. ஓடத்தானே வாங்கியிருக்கேன்."

சிரித்துக்கொண்டே போய்த் திருச்சியில் ஆறு வாங்கி, தன் கையாலேயே மாட்டிக்கொண்டார். சொன்ன மாதிரியே ஆனது. சாவியைத் திருப்பி எடுத்த பிறகும் வண்டி உடம்பைக் குலுக்கிக் குலுக்கி இருமும், பிறகுதான் நிற்கும். அவர் அதையும் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

போன வருஷம் குன்னம் தாண்டி, ஓட்டிக்கொண்டிருந்தபோதே அவருக்கு நெஞ்சு வலி வந்தது. ஓரமாக ஒழுங்காக நிறுத்தியிருக்கிறார். ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவர்கள் ஓடிவந்து பார்த்தபோது உயிர் இல்லை. ஒருவர் ஜன்னல் வழியாகக் கையை விட்டுச் சாவியை உருவியிருக்கிறார். எஞ்சின் நிற்கவில்லை. ஸ்டியரிங்கின் மேல் கிடந்த அவர் கை வண்டியோடு சேர்ந்து ஆடியதாம். அந்த ஆட்கள் வயல் வரப்பில் விழுந்தடித்து ஓடியிருக்கிறார்கள். அரியலூர் முழுக்க ஒரே பேச்சு: மனுஷன் இன்னும் வண்டியை விட்டு இறங்கவில்லை.

இந்த ஆவணியில் அவர் மனைவி ஜெயசுதா அந்தக் காரை மினி லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார். ஆள் பாதியாகியிருந்தார். எஞ்சின் கடகடவென்று தட்டுகிறதாம்.

"அதே பிளக் புதுசா போட்டுக் குடுங்கண்ணே. ஆறாம் நம்பர்."

இவர் பழைய பிளக்கைக் கழற்றினார். முனை சுண்ணாம்பாக வெளுத்து, ஓரம் உருகியிருந்தது. அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"தங்கச்சி, இன்னும் கொஞ்ச நாள் இப்படியே ஓடுனா பிஸ்டன் ஓட்டையாயிடும். அதுக்கப்புறம் வண்டியே இல்ல. ஊரு பேசுறதக் கேட்டு ஏமாறாதம்மா. அது ஆவியும் இல்ல, கீவியும் இல்ல. வெறும் பிளக்கு."

ஜெயசுதா அழவில்லை, கோபப்படவும் இல்லை. "பிளக்குன்னு எனக்கும் தெரியும்ண்ணே. ஆனா அந்தப் பிளக்க மாட்டுனது யாரு? அவரு கை. எல்லாரும் வேணாம்னு சொல்லியும் மாட்டுனது அவரு புடிவாதம். வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை ஸ்டார்ட் பண்ணி, சாவிய எடுத்துட்டு, பக்கத்து சீட்ல ஒக்காந்துக்குவேன். அது அடங்குறதுக்குள்ள அந்த வாரத்துச் சேதி எல்லாத்தயும் சொல்லிடுவேன். வூட்ல இப்ப அவரோடதுன்னு அசையிறது அது ஒண்ணுதான்."

ஆறும் எட்டுமாக இரண்டு பெட்டிகளை நான் கொண்டுவந்து பெஞ்சில் வைத்தேன். பணம் கொடுப்பவர் கேட்பதைக் கொடு என்று எனக்கு ஒரு மனம், பாவி, எஞ்சினே உடைந்துபோனால் அவள் எதைப் பிடித்துக்கொள்வாள் என்று இன்னொரு மனம்.

"எட்டு போட்டா ஒடனே நின்னுடுமா?" என்று ஜெயசுதா கேட்டார்.

"ஒடனே நின்னுடும்மா."

"ஆறு போட்டா, கடைசில எப்படிப் போவும்?"

இவர் தரையைப் பார்த்தபடி சொன்னார். "உள்ள உருகி, தட்டித் தட்டி, ஒருநாள் வெடிச்ச மாதிரி நிக்கும்."

ஜெயசுதா காரின் சிவப்பைத் தடவிக்கொடுத்தார். "அவரு ரொம்ப வலியில போனாருண்ணே. சட்டையக் கிழிச்சுருந்தாரு. மறுபடியும் அப்படிப் போவ வேணாம். எட்டே போடுங்க. அதுக்கு முன்னால ஒரே ஒரு தடவை."

பழைய பிளக்குகளையே திரும்ப மாட்டி ஸ்டார்ட் செய்துவிட்டு இவர் கீழே இறங்கினார். ஜெயசுதா பக்கத்து சீட்டில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்துக் கையை நீட்டிச் சாவியை எடுத்தார். வண்டி நிற்கவில்லை. நல்ல வெயில், ரோட்டில் பஸ் போகிற சத்தம், ஆனாலும் எனக்கு முதுகுத்தண்டு சில்லென்றது. ஆளில்லாத சீட் குலுங்கியது. ஸ்டியரிங் தானாக இப்படியும் அப்படியும் திரும்பித் திரும்பி நடுங்கியது. ஜெயசுதாவின் உதடு அசைந்துகொண்டே இருந்தது. திடீரென்று யாரோ ஏதோ சொன்ன மாதிரி அவர் தலையை ஆட்டினார். நான் சத்தியமாகப் பார்த்தேன். பக்கத்தில் நின்ற என் வீட்டுக்காரர் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

எஞ்சின் ஆறிய பிறகு எட்டை மாட்டினார். ஒவ்வொன்றையும் கையாலேயே மெதுவாகத் திருகினார். மறுபடி ஸ்டார்ட் செய்ததும் வண்டி என்ன இதமாக ஓடியது தெரியுமா! ஷார்ஜாவிலிருந்து வந்த நாளாக அவர் கேட்க ஆசைப்பட்ட சத்தம் அது. அவர் முகத்தில் துளி சந்தோஷம் இல்லை. ஜெயசுதா சாவியை எடுத்தார்.

சட்டென்று நின்றது. ஒரு இருமல்கூட இல்லை.

ஜெயசுதா காத்திருந்தார். முன்னால் இருந்த பலகையில் கையை வைத்துப் பார்த்தார். காதை வைத்தும் பார்த்தார். பிறகு கதவைத் திறந்து எங்களைப் பார்த்து, "ஆண்டிமடத்து எங்க முந்திரித் தோப்புல அவர அன்னிக்கே அடக்கம் பண்ணிட்டாங்க. இன்னிக்குத்தான் அடங்குனாரு" என்றார்.

அதற்குப் பிறகு வந்தது அழுகை. புருஷன் செத்த அன்று கல்லாக உட்கார்ந்திருந்தவள் என்று ஊர் ஏசிய பெண், எங்கள் ஒர்க்ஷாப் ஆயில் தரையில் விழுந்து மாரில் அடித்துக்கொண்டு அழுதார். நானும் பக்கத்தில் உட்கார்ந்து கட்டிக்கொண்டு அழுதேன். பக்கத்து டீக்கடைக்கு வந்த லாரிக்காரர்கள் யாருக்கு என்ன ஆயிற்று என்று ஓடிவந்தார்கள். இவர் அவர்களைக் கையாலேயே தடுத்து அனுப்பினார்.

சாயங்காலம் நாங்கள் வீட்டுக்கு வந்தோம். நான் வாசல்படியில் கால் வைக்கப் போனேன். அவர் என் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு, வெளிக்குழாயைத் திறந்து பக்கெட்டை வைத்தார். சட்டையோடேயே தலையில் தண்ணீரை ஊற்றிக்கொண்டு, சொம்பை என்னிடம் நீட்டினார்.

"குளிச்சுட்டு உள்ள போ, சிந்தா. சாவுக்குப் போயிட்டு வரோம்ல."