ஒன்பது பெருக்கல் குறி

வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து வருவது அவள் வேலை. விடிந்தும் விடியாததுமாகக் கிளம்பி, வெறும் வயிற்றோடு காத்திருக்கும் பதினாலு பேரின் நரம்பைத் தேடிப் பிடித்து, எட்டு மணிக்குள் லேபில் சேர்த்துவிட வேண்டும். பதினெட்டு வருடம் ஸ்கூட்டரில் ஓடியதில் இடுப்பெலும்பு தேய்ந்துவிட்டது. இனி இரண்டு சக்கர வண்டியைத் தொடவே கூடாது என்றார் டாக்டர். ஒன்றாம் தேதிக்குள் கார் வாங்காவிட்டால் அவள் போய்வரும் வீடுகளை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன் என்றார் லேப் முதலாளி. கையில் ஆறு நாள்தான் இருந்தது.

வண்டி பார்த்துத் தரும் பொறுப்பை அவள் வீட்டுக்காரர் தானாகத் தலையில் போட்டுக்கொண்டார். அவர் லிஃப்ட் இன்ஸ்பெக்டர். அந்தப் பட்டத்தைத் தூங்கும்போதாவது கழற்றி வைப்பாரா என்பது அவளுக்கே சந்தேகம்.

"நீ சும்மா இரு. சான்றிதழ் குடுத்த பழைய காராப் பாத்து எடுக்கணும். பேப்பரைப் பாத்தே வண்டியோட வண்டவாளத்தச் சொல்லிடுவேன்."

முதல் ஷோரூம் கண்ணாடி மாளிகை. டை கட்டிய விற்பனைக்காரன், "நூத்தி அறுபது அம்சம் செக் பண்ணிருக்கோம் மேடம்" என்று ஒரு தாளை நீட்டினான். மேலிருந்து கீழே ஒரே டிக். இன்ஸ்பெக்டர் அதைத் தடவித் தடவி ரசித்தார். அவள் வண்டியைச் சுற்றி வந்தாள்.

"பின்பக்க வைப்பர் நல்லா இருக்குன்னு டிக் போட்டிருக்கு. இதுல பின்னால வைப்பரே இல்லையே?"

"அது எல்லா வண்டிக்கும் பொதுவான ஃபாரம் மேடம்" என்றான், ஈறு தெரியச் சிரித்தபடி. இல்லாத வைப்பர் கெட்டுப்போகாதுதானே, அந்த மட்டில் பொய் சொல்லவில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

இரண்டாவது கடையில் இன்னும் சுத்தம். "தங்கச்சிக்குக் குடுக்கற மாதிரி குடுக்கறேம்மா" என்று உருகினார் உரிமையாளர். மேஜைமேல் கட்டாகக் கிடந்த வெற்றுப் படிவங்களை அவள் புரட்டினாள். டிக்கையும் சேர்த்தே அச்சடித்திருந்தார்கள். வெளியே வந்து சொன்னபோது இன்ஸ்பெக்டர், "அதனால என்ன? வேலை மிச்சம்" என்றார்.

மூன்றாவது ஒரு தகரக் கொட்டகை. அதை நடத்திய பெண்மணிக்கு நகக்கண்ணில் கிரீஸ், வாயில் வார்த்தைப் பஞ்சம். கையால் எழுதிய தாளை எடுத்து வைத்தாள். பிரேக், பேட்டரி, கிளட்ச் எல்லாவற்றுக்கும் மாற்றிய தேதியோடு டிக். அதற்குக் கீழே ஒன்பது பெருக்கல் குறி: ஏ.சி. உச்சி வெயிலில் திணறும், இடது பின்கதவு ஓங்கி அடித்தால்தான் மூடும், ஸ்டெப்னி பழசு, இப்படி. அவளுக்கு அந்தத் தாளைப் பார்த்ததும் நெஞ்சு லேசானது.

இன்ஸ்பெக்டர் அவள் காதருகே குனிந்து கெக்கலித்தார். "ஒம்போது இன்ட்டு! இதுக்குப் பேரு சான்றிதழாம். இருபத்திரண்டு வருஷ சர்வீஸ்ல நான் ஒரு இன்ட்டு போட்டதில்ல."

"ஏன் போடல?"

"போட்டா மறுபடி போகணும். மொட்டை மாடிக்கு ஏறி மோட்டாரத் திறந்து பாத்து, ரெண்டாவது ரிப்போர்ட் எழுதணும். யாரு அந்த இம்சைய இழுத்துக்கறது?"

மணி என்ன என்று கேட்டதற்குப் பதில் சொல்வது போலச் சொன்னார். இந்த மனுஷனை நம்பி எத்தனை பேர் மேலும் கீழும் போய் வருகிறார்கள் என்று நினைத்துப் பார்த்தாள். இவர் தீர்ப்புக்காகவா மூன்று நாள் அலைந்தோம் என்று தன்மேலேயே எரிச்சல் வந்தது.

"எனக்கு இந்த வண்டிதான் வேணும்."

"பட்டாத்தான் திருந்துவே."

கொட்டகைக்காரப் பெண்மணி ஒரு வெற்றுப் படிவத்தை வைத்தாள். "நாப்பது வரி இருக்கு. நீங்களே ஓட்டிப் பாத்துக் குறிச்சுக் கையெழுத்துப் போடுங்க. அப்புறம்தான் பணம் வாங்குவேன்." வண்டியை எடுத்துவர உள்ளே போனாள்.

இவள் கைப்பைக்குள் கார் லைசென்ஸைத் துழாவி எடுத்துவிட்டு நிமிர்ந்தாள். படிவம் இன்ஸ்பெக்டர் கையில் இருந்தது. நாற்பது வரிக்கும் டிக் விழுந்திருந்தது. சற்று முன் அவர் காறித் துப்பாத குறையாகப் பேசிய வண்டி, இன்னும் கொட்டகையை விட்டே வெளியே வரவில்லை.

ரத்தம் இறங்குவதற்கு முன்னால் குழாயில் பெயரை ஒட்டினால் அவளை அன்றைக்கே வேலையை விட்டு அனுப்பிவிடுவார்கள். இவருக்கோ அதற்குத்தான் சம்பளம். தாளைப் பிடுங்கினாள். அதற்குள் பெண்மணி வண்டியை வாசலில் கொண்டுவந்து நிறுத்தி இறங்கினாள்.

"இன்னொரு ஃபாரம் குடுங்க மேடம்."

"ஏன், இதுக்கு என்ன?" என்றாள் பெண்மணி.

"இத எழுதினவர் வண்டியப் பாக்கல."

காதுவரை சிவந்துபோன இன்ஸ்பெக்டர், முன்கதவைத் திறக்கப் போனார். "தள்ளு, நானும் வரேன். உனக்கு என்ன தெரியும்?"

"நீங்க பஸ்ல போங்க."

புதுப் படிவத்தை வாங்கிக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். படிவத்தின் முதல் வரி ஹாரன். இடுப்பில் கை வைத்து வண்டிக்கு முன்னால் வழிமறித்து நின்றார் அவர். அழுத்தினாள். மனுஷன் துள்ளி விலகினார். அவள் முதல் டிக்கைப் போட்டுவிட்டு வண்டியைத் தெருவில் இறக்கினாள்.