கான்ஸ்டபிளே போட்ட சார்ஜ்

நான் பெங்களூரில் நிருபர். அத்திபெலேயில் தொழிலாளர் போராட்டத்துக்குப் போயிருந்தபோது போலீஸ் என்னையும் ஸ்டேஷனுக்குக் கூட்டிச் சென்றது. எனக்குத் தகவல் தந்த பெண்ணின் குரல் பதிவுகள் போனில் இருந்தன. என் கைரேகை பட்டாலே திறக்கும் போன். காலையில் சார்ஜ் போட மறந்ததால் அணைந்து கிடந்தது.

அதைப் பிடுங்கிக்கொண்ட கான்ஸ்டபிளே சார்ஜ் போட்டு ஆன் செய்தார்.

“ஸ்வல்ப... கொஞ்சம் விரலை வைங்க மேடம்.”

மறுத்தேன். கட்டைவிரலைப் பிடித்து அழுத்தினார். திறக்கவில்லை! அணைந்து எழுந்த போன் முதலில் ரகசிய எண்ணைத்தான் கேட்கும் என்பது எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

“நம்பர் சொல்லுங்க.”

“என் வக்கீல் வரட்டும் சார்.”

வக்கீல் வந்து பேசி, திறக்காத போனோடு என்னை வெளியே கூட்டி வந்தார். அன்றே கைரேகையை நீக்கிவிட்டேன். ஒவ்வொரு முறையும் ஆறு எண்களை அழுத்துவது எரிச்சல்தான். ஆனால், என் கையைப் பிடித்து அவற்றை யாரும் அழுத்த முடியாது.